மண்வள அட்டையில் மண்ணின் ஆழத்தையும் எழுதுங்கள்

தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் கரிசல் மானாவாரி விவசாயி ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 5 உலக மண் நாள். அன்றைக்கு ஊர் ஊராகக் கூட்டம் நடக்கிறது, மண்வள அட்டை கொடுக்கிறார்கள், மண்ணைக் காப்போம் என்று உறுதிமொழி எடுக்கிறோம். எங்கள் பக்கம், அதாவது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில், அந்த நாள் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழுகிறது. கூட்டம் நடக்கும் அதே வாரத்தில் ஓடைகளில் போகிற தண்ணீர் கறுப்பாகத்தான் போகிறது. எங்கள் புஞ்சையின் மேல்மண் அதில் போய்க்கொண்டிருக்கிறது. கையில் இருக்கும் அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் இருக்கின்றன. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். எல்லாமே தேவையானவைதான். எங்கள் கரிசலில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே கிடக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் பலர் இந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மண் கறுப்பாக இருந்தால் அதில் மக்கு, அதாவது மக்கிய இலைதழை, நிறைய இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையை உடைத்ததற்கே அட்டைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மாதிரி எடுக்கும் முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுக்கிறோம். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பங்கிட்டு, அரைக் கிலோ அனுப்புகிறோம். போன முறை எடுத்ததற்கும் இந்த முறை எடுப்பதற்கும் நடுவில் நிலத்தின் மேலிருந்து அரை அங்குலம் அரித்துப் போயிருந்தால் என்ன ஆகும்? குழியும் அரை அங்குலம் கீழே இறங்கிவிடும். மாதிரி எப்போதும் மேல் 15 செ.மீ. தான். நிலம் இறங்க இறங்க மாதிரியும் கூடவே இறங்கும். இரண்டடி மண் இருந்த காடு (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்) ஓரடியாகக் குறைந்தாலும் அட்டைக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று. திட்டம் வந்தபோது வகுத்த முறைப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. 10 ஹெக்டேர் என்பது 25 ஏக்கர். எங்கள் ஊரில் 25 ஏக்கருக்குள் மேட்டுக்காடும் இருக்கும், பள்ளக்காடும் இருக்கும், நடுவில் ஓர் ஓடையும் போகும். மேட்டில் ஓரடி தோண்டினால் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டும். பள்ளத்தில் ஆறடி போனாலும் கரிசல்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி, ஒரே பரிந்துரை.

எங்கள் ஊரில் மண் எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். சர்வே கல்லைப் பார்த்தால் போதும். கல்லை ஊன்றும்போது பெரும்பகுதி மண்ணுக்குள் போய், தலை மட்டும் வெளியே தெரியும்படிதான் ஊன்றியிருப்பார்கள். இன்றைக்கு மேட்டுக்காட்டில் அதே கல் முழங்கால் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. மாடு உரசினால் ஆடுகிறது. கீழே ஓடையை ஒட்டிய காட்டில் அளவுக்கு வருகிற சர்வேயர் கடப்பாரையால் குத்திக் குத்திக் கல்லைத் தேடுகிறார், ஏனென்றால் அது மண்ணுக்குள் புதைந்துவிட்டது. கரிசல் ஈரத்தில் விம்மிக் கோடையில் சுருங்கும், அதில் கல் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும் என்று உங்களில் மண்ணியல் படித்தவர்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் மேட்டுக் கல் மட்டும் ஏறி, பள்ளத்துக் கல் புதைவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மேட்டில் உழவு சாலில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் மேலே வந்து கிடப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேல்மண் போவதை உரம் போவதாக மட்டும் பார்ப்பது எங்களைப் போன்ற ஊருக்குப் பொருந்தாது. இங்கே மண் என்பது முதலில் தண்ணீர்த் தொட்டி. கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மார்கழிக்கு மேல் பயிர் குடிப்பதெல்லாம் கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைத்தான். நல்ல கரிசல் ஓரடி ஆழத்துக்குச் சுமார் 50 மி.மீ. மழைத் தண்ணீரைப் பயிருக்கு உதவும்படி பிடித்து வைக்கும். வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 4, 5 மி.மீ. இழுக்கும். அப்படியானால் ஓரடி மண் போனால் பத்து நாள் ஈரம் போகிறது. 70 நாள் பயிரான உளுந்திலும் பாசியிலும் அந்தப் பத்து நாள் பூவும் பிஞ்சுமாக இருக்கும் நாளாக அமைந்துவிட்டால் மகசூல் பாதியாகிவிடும். அதே மழை, அதே விதை, அதே உரம், மேட்டுக்காட்டில் மட்டும் செடி வாடி நிற்கிறது. உடனே மழை பொய்த்துவிட்டது என்கிறோம். பாதி நேரம் மழை சரியாகத்தான் பெய்திருக்கிறது. அதை வைத்துக்கொள்ள இடம்தான் குறைந்துபோய்விட்டது.

காப்பீட்டுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் கணக்கெடுக்கும்போது மழை அளவைப் பார்க்கிறீர்கள், மகசூலைப் பார்க்கிறீர்கள். மண்ணின் ஆழத்தையும் பார்த்தால் எந்தக் காடு முதலில் வாடும் என்று விதைப்புக்கு முன்பே சொல்லிவிடலாம்.

இனிக் கரம்பைக் கணக்கு, அதாவது கண்மாயில் படிந்த வண்டல் மண்ணின் கணக்கு. கண்மாய்களில் கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்க அரசு இலவச அனுமதி தருவது நல்ல காரியம். 2024-ல் அந்த அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று எளிதாக்கியதும் நல்ல காரியம். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. 90 கன மீட்டர் என்றால் 30 டிராக்டர் நடை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஓர் ஏக்கரில் பரப்பிப் பாருங்கள், 22 மி.மீ. உயரம்தான் வரும். ஓர் அங்குலம் கூட இல்லை. திருப்பிப் போட்டுச் சொன்னால், ஏக்கரில் ஒரு மி.மீ. மண் அரித்துப் போனால் 4 கன மீட்டர், ஒரு டிராக்டர் நடைக்கும் மேலே. எடையில் 5 டன். ஒரு மி.மீ. போனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஒரு நல்ல மழையில் போய்விடும்.

1983-ல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்கு 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது, சராசரியாக ஹெக்டேருக்கு 16.35 டன். அதில் 29 சதவீதம் கடலுக்கே போய்விடுகிறது, 10 சதவீதம் அணைகளில் போய்ப் படிகிறது. பழைய மதிப்பீடுதான், ஆனாலும் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துப் பேசுவது அதைத்தான். அந்தச் சராசரியை எங்கள் ஏக்கருக்கு மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 5 கன மீட்டர். அரசு இலவசமாகத் தரும் 30 நடைக் கரம்பையும் 18 ஆண்டு அரிப்பில் கணக்குத் தீர்ந்துவிடும். அள்ளுகூலி, இயந்திர வாடகை, டீசல் என்று அந்த 30 நடைக்கு ஆகும் செலவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்த டிராக்டர் உள்ளவர்தான் அடிக்கிறார். இரண்டு ஏக்கர்க்காரர் அனுமதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கரம்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அள்ளிக் கொட்டுவதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்யும் நாம், போகாமல் தடுப்பதற்கு அதில் பாதியாவது செய்ய வேண்டாமா?

மண் ஏன் இப்படிப் போகிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால் நம்பமாட்டார். பார்க்கச் சமதளமாகத்தான் இருக்கும். நூறடிக்கு ஓரடி, மிஞ்சினால் இரண்டடிச் சரிவு. நீலகிரிபோல் செங்குத்தாக இருந்தால் பயம் வரும், இங்கே யாருக்கும் பயமே வருவதில்லை. ஆனால் கரிசலின் குணம் வேறு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். முதல் மழையை அந்த வெடிப்பு அப்படியே குடித்துவிடும். நனைந்து விம்மி வெடிப்பு மூடிக்கொண்டதும், மணிக்குச் சில மி.மீ. தண்ணீர்தான் உள்ளே இறங்கும். அதற்கு மேல் பெய்வதெல்லாம் ஓட்டம்தான். நல்ல மழைக் காலத்தில்தான் கரிசலில் அரிப்பு அதிகம் என்பதை இதனால்தான் சொல்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில் எங்கள் பக்கத்துக் காடுகளும் தப்பவில்லை. பயிர்ச் சேதத்துக்குக் கணக்கெடுத்து நிவாரணம் கொடுத்தீர்கள். மண் சேதத்தை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை.

இந்தக் குணம் கரிசலுக்கு அன்றும் உண்டு. இன்று கூடியிருப்பது வேறு. புரட்டாசியில் மழைக்கு முன்பு புழுதியில் விதைத்துவிடுவது எங்கள் வழக்கம். அது நல்ல வழக்கம், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் விதையைக் கடினப்படுத்தி அப்படி விதைக்கத்தான் சொல்கிறது. ஆனால் பருவத்தின் முதல் பெருமழை விழும்போது தரையில் ஒரு பச்சை கிடையாது. முன்பு நாட்டுக் கலப்பையும் கொத்துக் கலப்பையும் ஓட்டிய காட்டில் கட்டி கட்டியாக மண் கிடக்கும். மழைத்துளி கட்டியில் மோதும், கட்டிகளுக்கு நடுவில் தண்ணீர் தங்கும். இப்போது ரோட்டவேட்டர் இரண்டு முறை ஓட்டி மாவாக்கி வைத்துவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கிறது. அந்த மாவின் மேல் கனமழை விழுந்ததும் பத்து நிமிடத்தில் மேலே சவ்வு கட்டிவிடுகிறது, அதன் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பொழியில், அதாவது காட்டு வரப்பில், வேப்பமரத்தடியில், பல காலமாக உழவே படாத இடத்திலிருந்து எலுமிச்சங்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்று எடுங்கள். அதற்குப் பத்தடி தள்ளி, ஆண்டுதோறும் உழுகிற காட்டிலிருந்து இன்னொன்று. இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். காட்டு மண் குமிழ் விட்டுக்கொண்டே சரிந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் சேறாகப் படிந்துவிடும், தண்ணீர் கலங்கிப் போகும். வேப்பமரத்தடி மண் ஓரத்தில் மட்டும் உதிர்ந்து, நடுக்கட்டி அப்படியே நிற்கும். இரண்டும் ஒரே கரிசல்தான். மக்கும் வேரும் ஒட்ட வைத்திருப்பதுதான் வித்தியாசம். இந்தச் சோதனையை எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அட்டையில் போடுவதற்கு இதைவிட எளிதான சோதனை வேறு என்ன இருக்கிறது?

பயிரும் மாறியிருக்கிறது. கம்பு, சோளத்துக்கு ஊடாக உளுந்து, தட்டை, துவரை என்று கலந்து விதைத்த காலத்தில் சாலுக்குச் சால் ஏதாவது ஒன்று படர்ந்து தரையை மூடிக்கொண்டிருக்கும். இப்போது கோழித் தீவனத்துக்கு விலை போகிறது என்று மக்காச்சோளம் தனியாகப் போடுகிறோம். வரிசைக்கு வரிசை இரண்டடி. முதல் ஒரு மாதத்துக்கு நடுவில் வெறும் மண்தான், அதுவும் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வைத்த மண். 2018-லிருந்து படைப்புழு வேறு. அதைப் பற்றியே ஊரும் துறையும் பேசிக்கொண்டிருந்ததில் காலடியில் நடப்பதை யாரும் கவனிக்கவில்லை. மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை, கம்புக்கு விலையும் இல்லை, குருவியும் காட்டுப்பன்றியும் காவலுக்கு ஆள் கேட்கின்றன. இரண்டு வரிசைக்கு நடுவில் உளுந்து போட்டால் போதும். அறுவடை இயந்திரம் ஏறுமா, களைக்கொல்லி எது என்று விவசாயி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால் ஊரில் பாதிப் பேர் போடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பாகப்பிரிவினை. தாத்தா வைத்திருந்த எட்டு ஏக்கரை நாலு பேர் பிரிக்கும்போது, எல்லோருக்கும் பாதை வேண்டும் என்று நீளவாக்கில் ரிப்பன் ரிப்பனாகப் பிரிக்கிறார்கள். அகலம் அறுபதடி, நீளம் ஆயிரம் அடிக்கும் மேலே. டிராக்டர் குறுக்கே திரும்ப முடியாது, நீளத்துக்குத்தான் ஓடும். அந்த நீளம் சரிவைப் பார்த்து அமைந்துவிட்டால், கொத்துக் கலப்பையின் ஒவ்வொரு கொத்தும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறது. சரிவுக்குக் குறுக்கே உழு என்று உங்கள் துண்டறிக்கை சொல்கிறது. அறுபதடி அகலத்தில் எப்படிக் குறுக்கே உழுவது? இதை ஒரு விவசாயி தனியாகத் தீர்க்கவே முடியாது. அண்ணன், தம்பி, பங்காளி, பக்கத்துக்காட்டு நாயக்கர், தேவர், எல்லோரும் ஒரே நாளில், ஒரே திசையில் உழ ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் நகரத்தில் இருப்பார், அவர் காட்டில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். இன்னொருவர் காட்டை வாரத்துக்கு ஓட்டுபவர், பொழி போடுவதற்குச் செலவழித்தால் அடுத்த ஆண்டு அந்தக் காடு அவர் கையில் இருக்குமோ இருக்காதோ. சிட்டா, அடங்கல் அவர் பெயரில் இல்லாததால் மானியமும் அவருக்கு வராது.

இங்கேதான் அரசு வேண்டும் என்று கேட்கிறேன். 1959-லேயே தமிழ்நாடு நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் வந்தது. பட்டா எல்லைகளைத் தாண்டி ஒரு பகுதி முழுவதற்கும் மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் போடுவதற்காகவே வந்த சட்டம் அது. அந்தக் காலத்து அலுவலர்கள் இந்தச் சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இன்று நாம் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி மானியம் என்று போய்விட்டோம். ஓடைத் தண்ணீருக்குப் பட்டா எண் தெரியாது.

பொழி போடும்போதும் கரிசலை ஞாபகத்தில் வையுங்கள். செவல் எனும் செம்மண் காட்டில் சம உயர வரப்பு நன்றாக நிற்கும், ஏனென்றால் தேங்கும் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். கரிசலில் அதே வரப்பைப் போட்டால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும், பயிர் மஞ்சளாகும், பிறகு வரப்பு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு போகும். உடைந்த இடத்தில் வெள்ளம் மொத்தமாகப் பாய்ந்து வரப்பே இல்லாமல் இருந்ததைவிடப் பெரிய பள்ளத்தை அரித்துவிடும். கரிசலுக்கு வேண்டியது லேசான வாட்டம் கொடுத்த வரப்பு, கடைசியில் தண்ணீர் வழிந்து வெளியேறக் கல் அடுக்கிய கலிங்கு. வேகத்தைக் குறைத்து, மண்ணை மேலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். உங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் மதிப்பீட்டில் மண் வெட்டிப் போடும் கூலிதான் பெரிதாக இருக்கிறது, கலிங்குக்குக் கல் சேர்ப்பது எப்போதும் கடைசியில் விடுபடுகிறது. கல் இல்லாத வரப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வரப்பின் மேல் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். கரிசலில் தானாகவே பிடித்துக்கொள்ளும், வேர் ஆழமாக இறங்கும், ஆடு விரும்பித் தின்னும். ஆடு தின்னும் புல் என்றால் விவசாயி அதைப் பிடுங்கிப் போட மாட்டார். பழைய பொழிகளில் பனை வரிசையாக நின்ற இடங்களில் இன்றும் பொழி உடையாமல் இருக்கிறது, பனையை வெட்டி விற்ற இடங்களில் பொழியையே காணோம்.

கரிமத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 206 கோடி ரூபாயில் அறிவித்தீர்கள். பசுந்தாள் உர விதை கொடுப்பது அதில் முக்கியமான அங்கம். தண்ணீர் உள்ள நெல் வயலுக்குத் தக்கைப்பூண்டு அருமையானது. எங்களுக்கு ஆண்டுக்கு ஒரே பருவம். அந்த ஒரு பருவ ஈரத்தில் தக்கைப்பூண்டு வளர்த்தால் உளுந்துக்கு ஈரம் எங்கே? கோடை மழையை நம்பிச் சித்திரையில் விதைத்தால் அது ஓராண்டு வரும், இரண்டாண்டு வராது. எங்களுக்கு ஏற்றது கிடை, அதாவது ஆட்டு மந்தையை இரவில் காட்டில் அடைத்து வைப்பது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனும் மந்தை மேய்ப்பவர்கள் செம்மறி ஓட்டி வந்து காட்டில் கிடை போட்டால், புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகிறது. மேய்ச்சல் நிலம் குறைந்து, தடுப்பூசிக்கு அலைந்து, அவர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பசுந்தாள் விதைக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கைக் கிடைக்கூலியாக மானாவாரி விவசாயிக்குத் தந்தால் அது கீதாரிக்கும் போய்ச் சேரும், மண்ணுக்கும் போய்ச் சேரும். கூடவே, மக்காச்சோளத் தட்டையையும் பருத்திமாரையும் நொறுக்கிக் காட்டிலேயே பரப்புகிற இயந்திரம், துறை இயந்திரங்களை வாடகைக்குத் தரும் 'இ-வாடகை'யில் எங்கள் வட்டாரத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில் கிடைக்க வேண்டும். பங்குனியில் ஊரே தட்டைக்குத் தீ வைக்கிறது. தீ வைக்காதே என்று சொல்வதற்கு முன்பு அந்த இயந்திரம் வந்து நிற்க வேண்டும்.

எங்கள் மேலும் பொறுப்பு இருக்கிறது. ரோட்டவேட்டரை இரண்டாம் முறை ஓட்டச் சொல்லி டிராக்டர்க்காரரிடம் கேட்பது நாங்கள்தான். பக்கத்துக்காட்டான் பொழியை வருஷத்துக்கு ஒரு சால் கடித்து உழுதுகொண்டே போவதும் நாங்கள்தான். ஒன்றரை அடி அகலமாக இருந்த பொழி இன்று ஒரு சாண். இதைக் கிராம சபையில் பேசித் தீர்க்க வேண்டும், அதற்கு அரசாணை வேண்டாம்.

நான் துறையிடம் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. அடுத்த முறை மானாவாரிக் கிராமங்களில் மண் மாதிரி எடுக்க வரும்போது, ஒரு மண் துளைப்பானும் ஓரடி விட்டத்தில் ஒரு இரும்பு வளையமும் கொண்டு வாருங்கள். துளைப்பானால் சுக்கான் எத்தனை அடியில் தட்டுகிறது என்று பாருங்கள். வளையத்தை மண்ணில் பதித்துத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டம்ளர் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். 15 செ.மீ. மாதிரியோடு இந்த மூன்றையும் அட்டையில் எழுதுங்கள். அளந்த இடத்தைச் செயற்கைக்கோள் குறியீட்டோடு பதிந்து வைத்து, அடுத்த முறை வருபவர் அதே இடத்தில், அதே கல்லின் பக்கத்தில் அளக்கட்டும். மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் அளந்தால் 25 ஏக்கருக்கு ஒரு மாதிரி என்ற குறையும் பாதி தீரும்.

இந்த ஆழக் கணக்கு கையில் இருந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். கரம்பை முதலில் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று வட்டாட்சியர் முடிவு செய்யலாம், டிராக்டர் வைத்திருப்பவர் காட்டுக்கே முதலில் போக வேண்டியதில்லை. ஓரடிக்குள் சுக்கான் தட்டும் மேட்டில் மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் கொழுக்கட்டைப்புல்லும் வேலிமசாலும் வளர்த்து ஆடு வைத்துக்கொள்ளச் சொல்லலாம், அதற்குத் தனி மானியம் தரலாம். பொறியியல் துறை எந்த ஓடையின் தலைப்பிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வேலை எப்போதும் மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். கீழே தடுப்பணை கட்டிவிட்டு மேலே காட்டை வெறுமனே விட்டால், சில ஆண்டுகளில் அந்தத் தடுப்பணை மண்ணால் நிறைந்து தரைமட்டமாகிவிடும். எங்கள் பக்கம் அப்படி நிறைந்து போனவற்றை நிறையக் காட்ட முடியும்.

கோவில்பட்டியில் 1901-லிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கரிசலைப் பற்றி இவ்வளவு நீண்ட அனுபவம் உள்ள இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. காட்டைச் சிறு கட்டங்களாகத் தடுக்கும் பகுதிப் பாத்தி, அகலமான மேட்டுப் பாத்திகளுக்கு நடுவில் சால் விடும் ஆழச்சால் அகலப்பாத்தி என்று அவர்கள் சொல்லும் முறைகள் எல்லாம் தண்ணீரையும் மண்ணையும் காட்டிலேயே நிறுத்துகிறவை. அவை ஆராய்ச்சி நிலையத்துக் காட்டில் நன்றாக இருக்கின்றன. அறுபதடி அகல ரிப்பன் காட்டில், வாடகை டிராக்டரில், ஒரே ஈரத்தில் ஊரே விதைக்கத் துடிக்கும் அந்த நாலு நாளில், எப்படிச் செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி. அகலப்பாத்தி பிடித்துக்கொண்டே விதையும் போடுகிற கருவி இருக்கிறது. புரட்டாசி பிறப்பதற்கு முன்பு ஒன்றியத்துக்கு நாலு கருவி வந்து சேர்ந்தால், முதல் ஆண்டிலேயே வித்தியாசத்தை ஓடைத் தண்ணீரின் நிறத்தில் பார்த்துவிடலாம்.

சித்திரையில் காடு வெறுமையாகக் கிடக்கும், வெடிப்பு விட்டிருக்கும், மண்ணின் ஆழம் கண்ணுக்கே தெரியும். மே 1 கிராம சபையும் அப்போதுதான் வருகிறது. முதல் கட்டமாக, விளாத்திகுளம் வட்டத்தில் மேட்டு ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு கரைக் காடுகளையும் பட்டா பார்க்காமல் ஒன்றாக அளந்து, அந்த அளவை அந்தக் கிராம சபையில் வையுங்கள். எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தால், துளைப்பான் பிடிக்கவும் வளையத்துக்குத் தண்ணீர் சுமக்கவும் சர்வே கல்லை அடையாளம் காட்டவும் ஆள் தருகிறோம். பங்காளிகளையும் வெளியூரில் இருக்கும் பட்டாதாரர்களையும் அந்தச் சபைக்கு அழைத்து வருவது எங்கள் வேலை.

இப்படிக்கு,
கரிசல் மானாவாரி விவசாயி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.